உங்கள் பெயரில் ஒரு கதவு

போன தீபாவளி வரை
இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்.
மேனேஜருக்கு முந்திரி கேக் ஒரு கிலோ,
துணை மேனேஜருக்கு முக்கால்,
கேஷியருக்கு அரை,
வாசலில் நிற்கிற ஆளுக்கு மிக்சர் பொட்டலம்.
யார் எவ்வளவு பெரிய மனிதர் என்று
என் குட்டியானையைப் போல
நிறுத்துச் சொன்ன தராசு
காரைக்குடியில் வேறு கிடையாது.

இந்த வருஷம் வண்டி காலி.
பக்கத்து சீட்டில் ஒரு செருப்புப் பெட்டி,
அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்.
எல்லாம் ஒரே அளவு.

உமையாள் மேடம் சொன்னது இவ்வளவுதான்:
"பலகாரக் காசு மொத்தமும் பள்ளிக்கூடத்துக்குப் போகுது, அண்ணே.
ஒதுங்க இடமில்லைன்னு
பொம்பளப் பிள்ளைக
காலையிலேருந்து தண்ணியே குடிக்கிறதில்லை."

கணக்குப்பிள்ளை பேனாவை மூடினார்.
"எந்தத் தலைப்புல எழுத? அன்பளிப்பா, விளம்பரமா?"
"மகமைன்னு எழுதுங்க."
"மகமை நம்ம லாபத்துல எடுக்கிறது, ஆச்சி.
இது அடுத்தவுக இனிப்புல எடுத்தது."
பேரேட்டில் அந்த வரி
இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

செக்காலை ரோட்டு பேங்கில்
மேனேஜர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று.
"ரொம்ப நல்ல காரியம்" என்றார்,
எனக்குப் பின்னால் வேறு யாரும்
பெட்டி தூக்கி வருகிறார்களா என்று பார்த்தபடி.
தேவகோட்டை டீலர் நேராகவே கேட்டார்:
"என்னப்பா, முதலாளி கையில முடையா?"

கோட்டையூர் பலகாரப் பட்டறைக்கு அட்டை இல்லை.
ஆனாலும் பழக்கத்தில் வண்டி நின்றுவிட்டது.
மணகோலம் பிழிகிற செல்லக்கண்ணு
நெருப்பு காணாத இருப்புச்சட்டியைத்
துடைத்துக்கொண்டிருந்தாள்.
"பதினோரு நாள் கூலி, அண்ணே.
அதுவும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போச்சா?"
என்னிடம் பதில் இல்லை.
பட்டியலில் அவள் பெயரும் இல்லை.

கடைசிக்கு முந்தின அட்டை
பத்திர ஆபீஸ் வாட்ச்மேனுக்கு.
ஒன்பது வருஷமாக மிக்சர் கொடுத்திருக்கிறேன்,
பெயர் கேட்டதில்லை.
அட்டையில் அச்சடித்திருந்தது: திரு. சவரிமுத்து.
'திரு'வில் அவர் கொஞ்சம் நின்றார்.
பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தார்:
உங்கள் பெயரில்
மாணவியர் கழிப்பறைக்கு ஒரு கதவு.

"என் பேர்லயா?"
"ஆமா."
"எந்தக் கதவு?"

இருநூற்றுப் பன்னிரண்டு அட்டையிலும்
அதே கதவுதான் என்று
நான் சொல்லவில்லை.

கடைசி அட்டை எனக்கு.
வீட்டில் சின்னவன் அதைக்
காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான்.
சத்தம் வரவில்லை.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை
பள்ளத்தூரைத் தாண்டி அந்தப் பள்ளிக்கூடத்தில்
குழாய் இறக்கப் போனேன்.
சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது.
நான்கு கதவுகள்,
நீலப் பெயிண்ட் இன்னும் பிசுபிசுத்தது.
யார் பெயரும் எழுதியிருக்கவில்லை.

சவரிமுத்து
ஒவ்வொன்றுக்குள்ளும் போய்த்
தாழ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.
முதல் கதவு சரி.
இரண்டாவதும்.
மூன்றாவதில் தாழ்ப்பாள்
துளைக்கு அரை விரல் தள்ளி நின்றது.
சாப்பாட்டுப் பையிலிருந்து
திருப்புளியும் அரமும் எடுத்தார்.
கேட்டால், "சும்மா கொண்டாந்தேன்" என்றார்.

ஒரு மணி நேரம் ராவினார்.
கழற்றினார், மாட்டினார்,
மறுபடி கழற்றினார்.
நான்காவது கதவைப் பார்க்கவே இல்லை.
பிறகு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு
"தள்ளுங்க" என்றார்.
தள்ளினேன்.
"பலமாத் தள்ளுங்க, டிரைவரே. பயலுக தள்ளுறாப்ல."
தோளைக் கொடுத்தேன்.
கதவு அசையவில்லை.

உள்ளே இருட்டிலிருந்து குரல் வந்தது:
"சரி. இதுதான் என்னோடது."