ஆடி மாதக் கல்யாணம்

ஆடியில் எங்கள் சனத்துக்கு முகூர்த்தம் கிடையாது.
அந்த முப்பது நாளும்
முப்பிடாதி ஸ்டூடியோவுக்குச் சோறு போடுவது
ஆலங்குளத்துக்கு மேற்கே உள்ள கோபுரமணிகள்தான்.

ஓலை மூன்று ஞாயிறு வாசித்தாயிற்று.
முன்பணம் ஐயாயிரம் வாங்கியாயிற்று.
வாசலில் மறித்து ஐயர்வாள் சொன்னார்:
"அண்ணாச்சி, ஆராதனை முடியுமட்டும் பிளாஷ் கூடாது.
போன மாசம் ஒருத்தன்
ஜெபத்துல கண்ண மூடி நின்னவங்க மேல
பதினேழு தடவ மின்னல் அடிச்சான்.
எண்ணிக்கிட்டே இருந்தேன்.
ஜெபத்த எங்க விட்டேன்னு தெரியல."

மாடக்கண்ணு லைட் குடையை மடக்கினான்.
வெளியே சாரல்,
சன்னல் பூராவும் சாம்பல் வெளிச்சம்.
கேமராவில் எண்ணைக் கூட்டக் கூட்ட
பெனிட்டாவின் வெள்ளைப் பட்டு
மணல் மணலாய் உதிர்ந்தது.

இருபத்திரண்டு வருசத்தில்
தாலி ஏறும் நிமிஷத்தை நான் பார்த்ததே இல்லை.
முதலில் அது வெறும் வெள்ளை.
அப்புறம் ஸ்கிரீனில் இருக்கும்.

அன்று பார்த்தேன்.
மாப்பிள்ளை ஜாஸ்பருக்கு மூன்றாம் முடிச்சு வழுக்கியது.
உதவ வந்த அவன் அக்காளின் கையை
பெனிட்டா, தலையைத் திருப்பாமல்,
ஒற்றை விரலால் விலக்கினாள்.
அவன் கட்டி முடிக்கட்டும் என்று நின்றாள்.
சபை குனிந்திருந்தது.
நான் அழுத்தவில்லை.
மறந்துட்டேன் என்றுதான்
மாடக்கண்ணுவிடம் சொன்னேன்.

ஆசீர்வாதம் முடிந்ததும் வந்தார்
பெண்ணின் சித்தப்பா, நாசரேத்துக்காரர்.
"இப்ப லைட்டப் போட்டு எடுத்துருங்க,
தாலி கட்டுற மாதிரி."
குடை விரிந்தது.
கட்டிய முடிச்சு கலையாமல்
கட்டுகிற மாதிரி ஜாஸ்பர் கயிற்றைப் பிடித்தான்.
உதவுகிற மாதிரி அக்காள் குனிந்தாள்.
பளீர்.
முகத்தக் கொஞ்சம் தூக்கும்மா.
பளீர்.

ஆல்பத்தில் பதினான்காம் பக்கம் அது,
இரண்டு பக்க அகலத்தில் மினுங்கும்.

கார்டில் மட்டும் இருட்டாய் ஒன்று கிடக்கிறது.
எப்போது அழுந்தியதோ.
பாதித் தூண், யாரோ ஒருவர் வழுக்கை,
ஓரத்தில் நகம் தெரிய ஒரு விரல்.

"அழிச்சிரவா அண்ணாச்சி? எடமே இல்ல,
ஆவணி பொறந்தா வரிசையா இருக்கு."

வேற கார்டு வாங்கிக்கலாம்ல, என்றேன்,
சங்கரன்கோவில் பார்ட்டி
பாக்கியத் தரட்டும்.