கையில் பதினான்கு மணி நேரம்

விடியற்காலை விமானத்தில் மகனை அனுப்பியாயிற்று.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டான்,
அவிழும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி
கூட்டத்துக்குள் போய்விட்டான்.
அவ்வளவுதான் தெரிந்தது.

நூகுஸ் ரயில் இரவு எட்டுக்கு.
கையில் பதினான்கு மணி நேரமும்
ஒரு சம்பந்தியும்.

பிபிசாரா, என் மருமகளின் தாய்.
கல்யாண விருந்தில் நான் வைத்த ஆட்டுக்கறியில்
எலும்புதான் அதிகம் என்று
மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.
"வந்தது வந்தோம், தாஷ்கண்டைப் பார்த்துவிடலாம்" என்றாள்
வசூலுக்கு வந்தவள் குரலில்.

முதலில் பூகம்பச் சின்னம்.
பிளந்து கிடக்கும் கல்.
பெண்ணையும் பிள்ளையையும் மறைத்துக்கொண்டு
குறுக்கே நிற்கும் வெண்கல ஆள்.
"நல்ல புருஷன்" என்றாள்.
"வெண்கலமாச்சே" என்றேன்.
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
உடனே அவரவர் பையைச் சரிசெய்துகொண்டோம்.

சோர்சு சந்தையின் நீலக் கூரைக்குக் கீழே
கடைக்காரியை அழவைக்கும் அளவுக்குப் பேரம் பேசி
இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வாங்கினாள்,
ஆண்கள் அளவு, சாம்பல் நிறம்.
"கொரியாவில் குளிர் எலும்பைத் தின்னுமாம்."
"அவன்தான் போய்விட்டானே" என்றேன்.
பதில் சொல்லாமல் பொட்டலத்தை என் கையில் திணித்தாள்.

கோபுரத்துக்கு டிக்கெட் நான் எடுத்தேன்.
சம்பந்தி காசில் மேலே ஏறினால்
கீழே இறங்குவது கஷ்டம் என்று
எங்களிடம் பழமொழி கிடையாது.
அவள் முகத்தைப் பார்த்தபோது
இருந்திருக்கலாம் என்று பட்டது.

மேலே, நாணயம் போட்டால் தூரத்தைக் காட்டும் கருவி.
"நம்ம ஊர் எந்தப் பக்கம்?"
காவலுக்கு நின்ற பையன் மேற்கே கை காட்டினான்.
"எண்ணூறு கிலோமீட்டர், அம்மா. தெரியாது."
தெரியாததை அவள்
நாணயம் தீரும்வரை பார்த்தாள்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
இந்நேரம் மலைகளைத் தாண்டியிருப்பான்.
இந்நேரம் ஏதோ சாப்பிடக் கொடுத்திருப்பார்கள்.

பிறகு மெட்ரோ.
விண்வெளிக்காரர்கள் நிலையத்தில் சுவர் அடர்நீலம்,
எடையில்லாமல் மிதக்கும் முகங்கள்.
இவர்களை வழியனுப்பியவர்கள்
அன்று மதியம் எங்கே சுற்றினார்களோ.

பக்தகோர் நிலையத்தில் சுவரெல்லாம் பருத்தி.
பிபிசாரா முய்னாக்கில் பிறந்தவள்.
கப்பல்கள் மணலில் துருப்பிடிக்கும் ஊர்.
எங்கள் கடலைக் குடித்த பருத்தியைத்
தொட்டுத் தடவினாள்.
"இது விரலைக் கிழிக்கவில்லை" என்றாள்,
குறை சொல்வதுபோல.

ரயில் வந்தது.
கூட்டம் அவளை உள்ளே வாங்கிக்கொண்டது.
கதவு என் மூக்குக்கு முன்னால் மூடிற்று.
அவளோடு போயின
ரொட்டிப் பை, இரண்டு பாஸ்போர்ட், இரவு டிக்கெட்டுகள்.
என்னிடம் காலுறைகள்.

சீக்கிரம் கிளம்ப மாட்டாளா என்று
எத்தனை பெருநாளில் வாசலைப் பார்த்திருக்கிறேன்.
இப்போது சுரங்க வாயைப் பார்த்து நின்றேன்.
ஒரு ரயில்.
இன்னொன்று.
மூன்றாவதில் இறங்கிய கிழவியைக் கூப்பிட்டுவிட்டேன்,
யாரோ.

எதிர்த்திசை ரயிலில் வந்து இறங்கினாள்,
தலைக்குட்டை தோளில்.
"நீ ஏறியிருக்கணும்!"
"நீ இறங்கியிருக்கணும்!"
அதுவரை இருந்த 'நீங்கள்'
தண்டவாளத்தில் எங்கோ விழுந்துவிட்டது.
அதற்கப்புறம் என் கோட்டின் கையை அவள் விடவில்லை,
படிக்கட்டிலும், நிலையத்துக் கழிப்பறை வரிசையிலும்.

சமர்கண்ட் தாண்டுவதற்கு முன்
கைப்பேசி வெளிச்சமிட்டது.
'வந்துட்டேன். குளிர்.'
இரண்டு பேரும் அதை நாலு முறை படித்தோம்,
நீளமான கடிதம்போல.
அவள் பொட்டலத்தைப் பிரித்தாள்.
ஒரு ஜோடியை என் படுக்கைக்கு எறிந்துவிட்டு
மற்றதைத் தான் மாட்டிக்கொண்டாள்.
குதிகால் கணுக்கால்வரை ஏறி நின்றது.

விளக்கணைந்த பெட்டியில், வெகுநேரம் கழித்து,
"கோபுர டிக்கெட்டில் பாதி நான் தருவேன்" என்றாள்.

தூங்கிவிட்டவள்போல மூச்சுவிட்டேன்.