ஏழாவது வரி

நாங்குநேரி விலக்குக்குத் தெற்கே,
கருவேலங்கால் பஸ் நிறுத்தத்துக்கு
முதுகு காட்டி நிற்கிறான்.
ஊரில் அவனுக்குப் பெயர் துவக்குமாடன்.
சனிக்கிழமை நல்லெண்ணெய்,
கொடைக்குச் சுருட்டு,
குடியரசு தினத்துக்குப் பேரூராட்சி அடிக்கிற வெள்ளிப் பெயிண்ட்.

என் கோப்பில் அவன் பெயர்
‘போர் நினைவுச் சிற்பம், ஒன்று.
இரசாயனச் சுத்தம், நாள் பதினான்கு.’

செதுக்கியவர் மயிலாடி அணஞ்சபெருமாள் ஆசாரி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு.
அதுவரை அவர் கல்லில் எழுப்பியவர்கள் எல்லோரும்
கோயில் வாசலில் நின்றவர்கள்.
சிப்பாயைப் பார்த்ததில்லை.
பார்க்கக் கொடுத்த தபால் அட்டையில்
இடுப்புக்கு மேல்தான் சிப்பாய் இருந்தான்.
ஆகவே இடுப்புக்குக் கீழே துவாரபாலகன்:
ஒரு கால் ஊன்றி, ஒரு கால் மடித்து,
பட்டி சுற்றிய கணுக்காலில்
யாரும் கேட்காத ஒரு தண்டை.
துப்பாக்கியைக் கதாயுதம் மாதிரி பிடித்திருக்கிறான்.
திறக்க வந்த துரை சிரித்தாரா, முகம் சுளித்தாரா,
தெரியவில்லை.
கூலி நூற்றுப் பத்து ரூபாய் என்று தெரிகிறது.

பஞ்சு, காகிதக்கூழ், மூங்கில் குச்சி,
காய்ச்சி வடித்த நீர், கொஞ்சம் அம்மோனியா.
இவ்வளவுதான் நான் இறக்கியது.
செயல் அலுவலர் ஜெபகனிக்கு ஏமாற்றம்:
“மணல் வீசுற மிஷின் இல்லையாம்மா?
எங்க மதினி வீட்டுக் கேட்டை
அரை மணி நேரத்துல முடிச்சான்.”

வெள்ளிக்கு அடியில் பச்சை.
பச்சைக்கு அடியில்
ஒரு தேர்தலுக்கு அடித்து,
தோற்ற பிறகு மறைத்த நிறம்.
எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன்,
அரசு ஊழியர்.
அதற்கும் அடியில் எண்ணெய்,
வடைச்சட்டியின் அடி போல,
விரல் கனம்.

ஒன்பதாம் நாள் பீடத்தில் எழுத்து வந்தது.

‘இவ்வூரிலிருந்து பெரிய யுத்தத்துக்குப் போனவர் 43.
அவரில் உயிர் கொடுத்தவர் 7.’
கீழே, ஒன்றின் கீழ் ஒன்றாக,
தவசி. பிச்சைக்கண்ணு. ஞானாபரணம்.
மீராக்கண்ணு. சங்கிலிபூதத்தான். வேதமாணிக்கம்.
ஏழாவது வரியில் பெயர் இல்லை.
உளி கொத்திய பள்ளம் மட்டும்,
அம்மை போட்ட கன்னம் மாதிரி.

தாலுகா பதிவறையில் இரண்டு நாள் தும்மினேன்.
கிடைத்தது ஒரு மனு, இருபத்து நாலாம் வருஷத்தியது.

‘கருவேலங்கால் மூக்காண்டி எழுதிக்கொண்ட விண்ணப்பம்.
பாசுராவில் ஜுரத்தில் கிடந்து
தாமதமாய்த் திரும்பி வந்திருக்கிறேன்.
சர்க்கார் என்னைச் செத்ததாகக் கல்லில் வெட்டியிருக்கிறபடியால்
செத்தவனிடத்தில் தீர்வை கேட்பது நியாயமல்லவென்று
சமூகத்துக்குத் தெரிவித்துக்கொள்ளுகிறேன்.’

மேலே சிவப்பு மையில் உத்தரவு:
பெயரை எடுத்துவிடவும்.
தீர்வையை வசூலிக்கவும்.
மனைவி பெற்ற பென்ஷனைத் திருப்பிக் கட்டவும்.
உளிக்கூலி நாலணா, மனுதாரர் செலவு.

எண்ணை மாற்றச் சொல்லவில்லை;
யாரும் மாற்றவில்லை.
பெயர் ஆறு, சாவு ஏழு,
கணக்கு அப்படியே நிற்கிறது.

பள்ளத்தைப் பூசிவிடலாம் என்கிறார் ஜெபகனி.
பூசினால் ஒரு பெயருக்கு இடம் இருக்கும்,
நன்கொடை தர ஆளும் இருக்கிறது.
அறிக்கையில் எழுதினேன்:
ஏழாவது வரியில் நிரப்பு கூடாது.
காரணம் என்ற கட்டத்தில்
‘மூலத்தின் பகுதி’ என்று எழுதினேன்.
வேறு சொல் வரவில்லை.

சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு
பஸ்ஸிலிருந்து இறங்கினாள் ஒருத்தி.
கழுவிய கல்லை மேலும் கீழும் பார்த்தாள்.
“மெலிஞ்சு போயிட்டானே” என்றாள் என்னிடம்,
ஆஸ்பத்திரி நர்சிடம் சொல்வது போல.
ஊற்றக் கூடாது என்றேன்.
ஊற்றவில்லை.
கிண்ணத்தைக் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

பதினாலாம் நாள்
குளத்து மண்ணை உருட்டிக்கொண்டு வந்து
ஏழாவது வரியில் கூடு கட்டத் தொடங்கியது ஒரு குளவி.
விதிப்படி அகற்ற வேண்டும்.
மூங்கில் குச்சியைப் பைக்குள் போட்டேன்.
மூன்றரை வண்டி வந்துவிட்டது.