ஐந்துக்கு எதிரே

மகபூலாவில், கடலிலிருந்து மூன்றாவது தெரு,
நாலாம் மாடி, ஒரு அறை, ஆறு கட்டில்.
சோற்றுப் பானையை இன்றைக்கு யார் தேய்ப்பதென்று
பகடைதான் சொல்லும்.
ஒன்று கோதண்டம். இரண்டு நான்.
மூன்று மிக்தாத், நான்கு ஷிபு,
ஐந்து பர்னபாஸ் அண்ணன்,
ஆறு வேலப்பன், குறட்டைக்காரன்.

மாட்ட ஆறில் ஒன்று,
தப்ப ஆறில் ஐந்து.
இரண்டு ராத்திரி தப்ப
அதை அதாலேயே பெருக்க வேண்டும்:
முப்பத்தாறில் இருபத்தைந்து.
பெருக்கப் பெருக்கத் தேய்கிற எண் இது,
தொட்டிமேல் கிடக்கும் சோப்புத் துண்டு மாதிரி.

"ஆறு ராத்திரி போட்டால்
ஒரு தரமாவது கட்டாயம் விழணுமே?"
என்பான் ஷிபு.
கட்டாயமெல்லாம் இல்லை.
ஆறு ராத்திரியும் விழாமலே போக
மூன்றில் ஒரு பங்கு இடமிருக்கிறது.
பகடைக்கு நேற்று கிடையாது.
நேற்று யார் முதுகு வலித்ததென்று
அதற்கு எப்படித் தெரியும்?

சால்மியாவில் ஏசி குழாய்க்குப் பற்றவைக்கும்போது
வலது கை வெந்தது. மணிக்கட்டு வரை கட்டு.
விடுப்பு கேட்டேன். போர்மேன்
இடது கையைப் பார்த்தான்.

அன்றிலிருந்து பத்தொன்பது ராத்திரி
இரண்டு விழவில்லை.
"மச்சக்காரன்டா நீ" என்றான் வேலப்பன்.
படுத்தபடி பெருக்கிப் பார்த்தேன்.
ஆறில் ஐந்தைப் பத்தொன்பது தடவை:
நூற்றுக்கு மூன்று.
நூற்றுக்கு மூன்றும் நடக்கத்தான் செய்யும்.
எங்கோ யாருக்கோ நடந்தாக வேண்டும்,
அது நானாக இருந்தால் என்ன
என்று தூங்கிப்போனேன்.

ஆனால் பர்னபாஸ் அண்ணனுக்கு ஏழு.
மூன்று விழுந்திருந்தால் நியாயம்.
அதிலும் ஒரு வாரம் அடுத்தடுத்து மூன்று நாள்,
இருநூற்றுப் பதினாறில் ஒன்று.
அந்த மூன்று நாளும்
பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு
ஏதோ முணுமுணுத்தபடி இருந்தார்.

வெள்ளிக்கிழமை. அறையில் யாருமில்லை.
எவர்சில்வர் டம்ளரிலிருந்து பகடையை எடுத்து
இடது கையால் நாற்பது தடவை உருட்டினேன்.
இரண்டு இல்லை.
வரவில்லை என்றல்ல. இல்லவே இல்லை.
திருப்பினேன்: ஐந்து.
அதற்கு நேர் பின்பக்கம் திருப்பினேன்: அங்கேயும் ஐந்து.
எதிரெதிர் முகம்,
இரண்டையும் சேர்த்து ஒரு கண் பார்க்க முடியாது.
நகத்தால் தடவினேன்.
மூலையில் இரண்டு புள்ளி குழி.
மற்ற மூன்றும் மேடு.
கறுப்பு எனாமல்.
கார் நிறுத்துமிடங்களில்
தரையில் எண் எழுதுவதுதான் அண்ணனுக்கு வேலை.

திரும்பக் கணக்குப் போட்டேன்.
எனக்கு விழ: பூஜ்ஜியம்.
அவருக்கு மூன்றில் ஒன்று.
அடுத்தடுத்து மூன்று நாள், இருபத்தேழில் ஒன்று.
பத்தொன்பதில் ஏழு, சரியாகத்தான் இருந்தது.
என் அதிர்ஷ்டம் என்று நான் வைத்திருந்ததில்
மூன்று சொட்டுப் பெயின்ட்.
மற்ற நாலு பேருக்கும் தெரியுமோ?
கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்று
பஞ்சில் தின்னர் நனைத்து
மூன்று மேட்டையும் துடைத்தேன்.
தோல் இன்னும் இளஞ்சிவப்பு, எரிந்தது.

ராத்திரி கோதண்டம் உருட்டினான்.
நியாயமான பகடை, ஆறு முகத்துக்கும் ஆறு எண்.
கட்டில் காலில் முட்டி நின்றது:
ஐந்து.

"அட, எனக்கேவா" என்று அண்ணன்
லுங்கியை மடித்துக் கட்டி எழுந்தார்.
போகிற போக்கில் பகடையைக் கையில் எடுத்தவர்
ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார்.
பிறகு என் கையைப் பார்த்தார்.

குழாயில் வெந்நீர்தான் வந்தது, ஆகஸ்ட் மாதம்.
அவர் தேய்த்தார்.
நான் அலசினேன்.