பதினான்காம் எண் டிராம்

பகலில் சாக்ரெபில் டிராம் ஓட்டுகிறாள் டூன்யா.
இரவில், தந்திகளுக்கடியில் காலுறையைச் செருகி
ஸ்கேல் ஏறி இறங்குகிறாள்.
சுவருக்கு அப்பால் கைக்குழந்தை.

மூவர் ஒரே கதவில் முட்டிக்கொண்டு இறங்கினால் கார்ட்,
ஒவ்வொருவராய் இறங்கினால் ஆர்பெஜியோ.
அப்படித்தான் அவளுக்கு மனப்பாடம்.

பதினோரு வருடம்
முதல் மூன்று ஃபிரெட்டுக்குள்ளேயே குடியிருந்தவள்.
முதல் தந்தியைச் சும்மா தொட்டால் வரும் மி,
இன்று இரண்டாம் தந்தியில் ஐந்திலும் இருந்தது.
மூன்றாவதில் ஒன்பது: அதே மி.
நான்காவதில் பதினான்கு,
அவள் டிராமின் எண்,
அங்கேயும்,
கொஞ்சம் தடித்த குரலில்,
இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்காமல்.

சுண்டுவிரலுக்கு எல்லாம் எட்டிவிடவில்லை.

காலை நாலரைக்கு டெப்போ.
டிராமின் கைப்பிடிமேல் நாலு விரலும் நடக்கின்றன.
பச்சை விழுந்தது தெரியவில்லை.
பின்னால் வந்த டிராம் மணியடிக்கிறது;
மி இல்லை,
அரை ஃபிரெட் இறக்கம்.