கடைசி வரி

செல்லூர்க் கிளையில் பதினெட்டு வருடமாகக்
காசாளர்.
ஐந்நூறு ரூபாய்க் கட்டைப் புரட்டும்போதே
கள்ள நோட்டு எனக்கு இடறும்.
கண் பார்க்கும் முன்
கட்டைவிரல் நின்றுவிடும்.
"ஜெசிந்தா மேடத்துக்கிட்டக் காட்டுங்க" என்பார்கள்
சந்தேகம் வந்த நோட்டையெல்லாம்.

அந்தக் கட்டைவிரலால்தான் அழுத்தினேன்
ஞாயிறு ராத்திரி பதினொன்றேகாலுக்கு:
'கட்டணம் செலுத்துக.'

மஸ்கட்டில் தங்கைக்குப் பேறுகாலம்.
பாஸ்போர்ட் என்று தேடியதும்
முதலில் வந்து நின்றது அது.
மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு சொல், விளம்பரம்.
எறும்பை யார் வாசிக்கிறார்கள்?
அதே நீலம். அதே காவிக் கோடு.
சிங்கங்கள்கூட இருந்தன.
சிங்கங்களுக்குக் கீழே இருக்கவேண்டிய
வாய்மையே வெல்லும் மட்டும் இல்லை.
அந்த மட்டுக்கும் நேர்மையானவன்தான்.

கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு என்று
எனக்குத் தெரியும்.
மூவாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கேட்டது.
'சேவை உட்பட' என்றது.
கணக்கில் பத்து ரூபாய் உதைத்தால்
இருட்டும்வரை உட்கார்ந்து தேடுகிறவள்,
கேட்டதைக் கொடுத்தேன்.
இன்னும் ஆறே நிமிடம் என்று
சிவப்பில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.
இந்தப் பிறவியில் எந்த அரசாங்க ஆபீசும்
என்னை அவசரப்படுத்தியதில்லை.
அப்போதாவது தோன்றியிருக்க வேண்டும்.

காளவாசலில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.
வாசல் காவலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது நம்ம ரசீது இல்லையேம்மா."
பிறகு, பந்தியில் இடம் காட்டுவதுபோல்,
"அந்தா நிக்கிற தம்பியும் இதே கேஸ்தான்."

வேப்பமர நிழலில்
பேரையூர்ப் பையன், தவசிலிங்கம்.
கையில் அதே தாள்.
வட்டிக்கு வாங்கிய மூவாயிரம்.
ரியாத்தில் கம்பி கட்டும் வேலையாம்.
"நீங்க எங்கக்கா வேல பாக்குறீங்க?"
"வீட்லதான்" என்றேன்.
அன்றைக்கு நான் மாற்றிய கள்ள நோட்டு அது.

அங்கேயே நின்று
பத்தொன்பது முப்பதுக்குப் போன் போட்டோம்.
லைன் கிடைக்கப் பதினோரு நிமிடம்.
அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசினேன்.
பரிவர்த்தனை எண், பன்னிரண்டு இலக்கம்,
நாலு நாலாகப் பிரித்து
மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.
அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி
இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்தேன்
நல்லதும் கள்ளதும் வைத்துப் பார்ப்பதுபோல.
தடவினேன், கண்ணாடியில் மேடில்லை பள்ளமில்லை.
ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிக்கவா முடியும்?
வித்தியாசம் உச்சியில், முகவரியில் இருந்தது.
அதுவும் அதன் வாலில்.

வாசலில் யார் வேண்டுமானாலும்
'கலெக்டர் பங்களா' என்று பெயர் எழுதிக்கொள்ளலாம்.
தபால்காரர் பார்ப்பது கடைசி வரியைத்தான்,
எந்த ஊர், என்ன பின்கோடு.
இங்கே பாஸ்போர்ட், இந்தியா, சேவை என்று
நல்ல நல்ல சொல்லெல்லாம் முன்னால் நிற்க,
கடைசியில்
ஜிஓவி டாட் இன் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் டாட் காம்.
அந்த ஊரில் யார் வேண்டுமானாலும்
மனை வாங்கலாம்.

புகார் எண் வந்திருக்கிறது.
பணம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கவுண்டரில்
ஒரு ஐந்நூறு இடறியது.
நீட்டியவர் தக்காளிக் கமிஷன்காரர்,
சட்டைப்பையில் ஈரத் துண்டுச்சீட்டுகள்.
'யார் குடுத்தா, எங்க வாங்குனீங்க'
என்று வழக்கமாக எழும் குரல்
தொண்டையிலேயே நின்றது.
நாற்காலியைக் காட்டி
"உட்காருங்க" என்றேன்.
"நேத்து எனக்கும்..." என்று ஆரம்பித்தேன்.