ஈரப்பதம்

திருத்துறைப்பூண்டி நீதிமன்றத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் மிஷினுக்கும் டீ பாய்லருக்கும் நடுவில்
ஒரு கீபோர்டு வைக்கும் அளவுக்கு எனக்கு இடம்.
பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.
எழுத்துப்பிழை இலவசம் என்பார் ஹாஜா மைதீன் வக்கீல்.

மாரிக்கண்ணு உச்சிவெயிலில் வந்தாள்.
மஞ்சள் பையில் மகனின் எக்ஸ்ரே.
மடங்கிவிடக் கூடாதென்று
பழைய காலண்டர் அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

இளஞ்சேரன், வயது இருபத்து நாலு.
மணல் வண்டி யாருடையது என்று கேட்கக் கூட்டிப்போனார்கள்.
மூன்றாம் நாள் திரும்பினான்,
ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்த காலோடு.
இந்தப் பக்கத்து பாத்ரூமெல்லாம்
சொல்லிவைத்தாற்போல் வலது முழங்காலுக்குக் கீழேதான் வழுக்குகிறது.

வக்கீல் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
மனு உண்மையா என்பது அப்புறம்.
ஏற்கத்தக்கதா என்பதுதான் ஆணையத்தில் முதல் கேள்வி.
மொட்டைக் கடுதாசி ஆகாது.
விளங்காத கையெழுத்து ஆகாது.
வேறு ஆணையத்தில் கிடப்பது ஆகாது.
சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டியிருந்தால்
அதுவும் ஆகாது.

"அழுகைய எல்லாம் எடுத்துடும்மா," என்றார் என்னிடம்,
"தேதி, நேரம், இடம், பேரு. போதும்."

மாரிக்கண்ணு தலையாட்டினாள்.
"தெரியும் சார். கொள்முதல் நிலையத்துல
நெல்ல மிஷின்ல போட்டுப் பாப்பாங்களே.
பதினேழுக்கு மேல ஈரம் இருந்தா
மூட்டைய எறக்கவே விடமாட்டாங்க.
நல்ல நெல்லான்னு அங்க யாரு கேட்டா."

ஈரத்தை எடுக்க ஆரம்பித்தேன்.
'கதறினேன்' போனது.
'பெற்ற வயிறு' போனது.
'தண்ணீர் கேட்டதற்கு' என்று தொடங்கிய வரியில்
கர்சர் கொஞ்ச நேரம் மினுக்கிக்கொண்டு நின்றது.
அதை மட்டும் விட்டுவைத்தேன்.

நான்காம் பத்தி: சம்பவ நாள்.
போன பங்குனி பதினாலு என்றாள்.
இன்றைக்குப் பங்குனி இருபது.

ஆறு நாள்.

"ஆர்.டி.ஓ. விசாரணை நடக்குது,
முடியட்டும், பொறுன்னாங்க சார்."
முடிந்ததா?
"ஆபீசர் மாறிட்டாரு."

பொறு என்பவருக்கும்
ஏன் பொறுத்தாய் என்பவருக்கும்
ஒரே கருவூலத்தில்தான் சம்பளம்.

கோபம் வந்தால் வக்கீல் உலகத்தைச் சுற்றுவார்.
"ஐரோப்பாவுல கடைசித் தீர்ப்புலேர்ந்து நாலு மாசம்.
அமெரிக்கக் கண்டத்துல ஆறு மாசம்.
ஆப்பிரிக்காவுல நியாயமான காலம்னு எழுதி வச்சிருக்கான்.
உள்ளூர்க் கதவயெல்லாம் தட்டி முடிச்சவன்
போய் நிக்க அங்க ஒரு கோர்ட்டு இருக்கு.
நம்ம ஆசியாவுக்கு,
உன்ன ஏத்துக்க மாட்டேன்னு சொல்றதுக்குக்கூட
ஒரு வாசல் இல்லம்மா."

இத்தனையிலும் மாரிக்கண்ணுவின் காதில் விழுந்தது
ஆறு நாள் மட்டும்.

"எப்ப நடந்துச்சுன்னு கேக்குறாங்களா,
எப்ப முடிஞ்சுதுன்னு கேக்குறாங்களா?"
என்றாள்.
"ராத்திரி ஜீப்பு சத்தம் கேட்டா
நொண்டிக்கிட்டே போயி மாட்டுக்கொட்டாய்ல ஒளியுறான்.
நேத்தும் போனான்."

வக்கீல் டம்ளரைக் கீழே வைத்தார்.
"தொடர்... சம்பவம்,"
இரண்டு சொல்லையும் தனித்தனியே கடித்துப் பார்ப்பதுபோல்.
"தாமதத்துக்குத் தனியா ஒரு பக்கம் அடி.
ஜீப்பப் போடு. கொட்டாயப் போடு.
நேத்துங்கறதத் தேதியோட போடு."

ஏற்பார்களா என்று நான் கேட்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.
மா-வில் நின்று, ரி-யில் மூச்சுவிட்டு
பெயரை முழுதாய்ப் போட்டாள்.

தபாலாபீஸ் மூணரைக்கு முடிந்துவிடும்.
முள்ளியாற்றில் தண்ணீர் இல்லை,
காய்ந்த ஆகாயத்தாமரை மட்டும்.
பாலத்தில் அவள் ஓட்டமும் நடையுமாய்ப் போவது
இங்கிருந்தே தெரிந்தது.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.
"கவருக்குள்ள அடங்கலயாம்.
எக்ஸ்ரேய மடிக்கலாமான்னு கேக்குறாங்க."

முறிவு இருக்கும் இடத்திலா மடிப்பது?
இரண்டு கவரைப் பிரித்து ஒன்றாய் ஒட்டிக் கொடுத்தேன்.
பசை காயவில்லை.
மூணு இருபது.

ஊதிக்கொண்டே ஓடினாள்.